ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல. இதுல உக்காருங்க, ஃபேன் காத்து நேரா வரும். புதுக்கோட்டைலேருந்து வர்றேன், ஆர்கெஸ்ட்ரா வச்சிருக்கேன்னு வாசல்ல சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. நீங்க மேல சொல்லவே வேணாம்.

பரிமளா இருக்காங்களான்னு கேட்டீங்க. இங்கதான், ரெண்டு தெரு தள்ளிப் போயிருக்கா, தைச்ச ஜாக்கெட்டைக் கொடுத்துட்டு வர்றேன்னு. வந்தா காப்பி போடுவா. முதல்ல வீட்டம்மாவை விசாரிச்சிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர்றது நல்ல பழக்கம் சார், இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு. என் பேரு தனபால். கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, பேரு கேள்விப்படாட்டி என்ன, கிடார் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க.

இதோ, இதான். கையில வாங்கிப் பாருங்க. கனமா இருக்கா? இருக்கும். பகல்ல நான் இன்வெர்ட்டர் சர்வீஸ், துவாக்குடி பக்கம் ஒரு கடைல. சாயங்காலமானா, முகூர்த்தம், திருவிழான்னு வந்தா, ராஜமாணிக்கம் அண்ணன் குழுவுல கிடார். அண்ணன் கீபோர்டு, குழுவே அவரோடதுதான். கிடாரை நான் வாங்கினது ஒரு மாதிரி, இப்ப இருக்கிறது வேற மாதிரி. உள்ள இருக்கிற ஒவ்வொரு வயரும் என் கையால ஈயம் பத்த வச்சது. பின்பக்க மூடியைத் திறந்து காட்டவா? வேணாமா? சரி, அப்புறம் காட்டறேன்.

இந்தக் கம்பிக்கு அடியில கறுப்பா பட்டையா இருக்கு பாருங்க, இதுக்குப் பேரு ஹம்பக்கர். கிடாரோட காது இதான்னு வச்சுக்கங்க. சாதா கிடார்ல ஒரு காதுக்கு ஒரு காயில்தான் சுத்தியிருப்பான். ஒரே காயில் இருந்தா திருவிழா மேடைல என்ன ஆகும் தெரியுமா. இந்தப் பக்கம் ஜெனரேட்டர், தலைக்கு மேல டியூப் லைட்டு. பாட்டுக்கு நடுவுல 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கும். இதுல ஒரே மூடிக்குள்ள ரெண்டு காயில், ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்த்திசைல. ரெண்டும் சேர்ந்து அந்த இரைச்சலை அடிச்சிடும், வாசிப்பு மட்டும் நிக்கும்.

இப்ப அந்த ரெண்டு காயிலையும் எப்படி இணைக்கிறோங்கறதுலதான் சார் சூட்சுமம். கோயில்ல மரத்துக்கு மரம் சீரியல் செட்டு தொங்க விடறாங்கல்ல, ஒரு பல்போட வால்ல அடுத்த பல்போட தலை. அப்படி இணைச்சா சீரிஸ். ரெண்டு காயிலும் ஒண்ணா சேர்ந்து ஒரே தள்ளா தள்ளும். சத்தம் தடியா வரும், நெஞ்சுல வந்து இடிக்கும். அதே வீட்டு வயரிங் எப்படி? ஃபேனுக்கு ஒரு வழி, லைட்டுக்கு ஒரு வழி, அவங்கவங்க வழில அவங்கவங்க. அது பேரலல். அப்படி இணைச்சா தெளிவு வரும், விரல் கம்பியைத் தொடறதுகூடக் கேக்கும். இரைச்சலும் வராது. ஆனா ஒண்ணு, சத்தம் மெலிஞ்சிடும். சீரிஸ்லேருந்து பேரலலுக்குத் தட்டினா, பக்கத்து வீட்டுக்குப் போய் வாசிக்கற மாதிரி இருக்கும். உலகம் பூரா கிடார் வாசிக்கறவனுக்கு இது ஒரு தலைவலி. அதைத்தான் நான் சரி பண்ணினேன்.

ஆம்ப்பைப் போடறேன், கேளுங்க. இது சீரிஸ். இப்ப சுவிட்சைத் தட்டறேன். இது பேரலல். திருப்பி சீரிஸ். பேரலல். சத்தம் கூடிச்சா? குறைஞ்சுதா? ரெண்டும் இல்ல. குணம் மாறுது, அளவு மாறல. அதான் சார் வேலை. காதை ரொம்பத் தேய்க்காதீங்க, ரூம் சின்னது, அப்படித்தான் இருக்கும். மேடைல கேட்டா அருமையா இருக்கும்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க சார், இதை முடிச்சுக்கறேன். இதெல்லாம் தெரிஞ்சாத்தான் உங்களுக்கு ஒரு முடிவுக்கு வர முடியும்.

இந்த வேலைல நான் இறங்கினதே பரிமளாவாலதான். அவளும் நம்ம குழுதான், பாடறவ. நாங்க பழகினதே மேடைலதான். அவ முதமுதல்ல வந்து பாடினப்ப நான் பின்னாடி உக்காந்து வாசிச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், கட்டினா இந்தப் பொண்ணைத்தான்னு. வெக்கப்படாம சொல்றேன், நான் அவளைக் கட்டிக்கிட்டதே அந்தக் குரலுக்காகத்தான். அவ வீட்டுல எங்க அம்மாவைப் பாத்து, "உங்க பையனுக்கு எங்க பொண்ணுகிட்ட என்ன பிடிச்சது"ன்னு கேட்டாங்க. எங்க அம்மா, "பாட்டு பிடிச்சதாம்"னு சொல்லிட்டுத் தலைல அடிச்சுக்கிச்சு. கல்யாணம் ஆகி பதினோரு வருஷமாச்சு, அவ முன்னாடி நிக்கறா, நான் பின்னாடி நிக்கறேன்.

அப்ப இந்தக் கிடார் வெறும் சீரிஸ்தான். ஒரு நாள் நிகழ்ச்சி முடிஞ்சு வேன்ல வர்றப்ப பரிமளா சொன்னா, "ஏங்க, நீங்க வாசிக்கறப்ப என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது"ன்னா. சாதாரணமாத்தான் சொன்னா. நான் ஒரு தொழில்காரன், எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஓ, டோன் மந்தமா இருக்கு, தெளிவு பத்தலன்னு. பாருங்க, அவ பாட்டுக்காரி, அவளுக்கு வயரிங் தெரியாது, இருந்தாலும் குறையை எப்படிக் கண்டுபிடிச்சிருக்கான்னு. மறுநாளே கிடாரைப் பிரிச்சிட்டேன். ரெண்டு காயிலோட நாலு வயரையும் வெளிய எடுத்து, சுவிட்ச் வச்சு, பேரலல் கொண்டாந்தேன்.

லால்குடில ஒரு வரவேற்பு. அன்னிக்குப் பூரா பேரலல்லயே வாசிச்சேன். பரிமளா பாடினா பாருங்க, நான் பொய் சொல்லல, மாப்பிள்ளையோட அத்தை மேடைக்கே ஏறி வந்து, அவ கன்னத்தைத் தடவி, நெத்தில விரலை நெட்டி முறிச்சிட்டுப் போச்சு. கூட்டத்துல ஒரு பொம்பளை முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிச்சு. வேன்ல வர்றப்ப பரிமளா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "இன்னிக்குத்தாங்க என் குரல் எனக்குக் கேட்டுச்சு. நல்லா பண்ணியிருக்கீங்க"ன்னா. வீடு வர்ற வரைக்கும் முணுமுணுன்னு பாடிக்கிட்டே வந்தா. வயரிங்கைப் பாராட்டறா, எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனா மனசு ஆறல சார். ஏன்னு கேளுங்க. அன்னிக்கு மைக்செட்டு சையது பாய் மிக்சர்ல என் சத்தத்தைக் காட்டற முள்ளு பாதிக்கு மேல ஏறவே இல்ல. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். பந்தில உக்காந்தப்ப பக்கத்து இலைக்காரர் என்கிட்ட, "தம்பி நீங்களும் குழுவா, என்ன வாசிச்சீங்க"ன்னு கேட்டாரு. கிடார்னேன். "கிடார் இருந்துச்சா"ன்னாரு. பாயசத்தை ஊத்தினாங்க, எனக்கு இறங்கல. ஒரு மனுஷன் மூணு மணி நேரம் நின்னு வாசிச்சிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேக்கணுமா. நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் புரிஞ்சுது, தெளிவு மட்டும் போதாது, அளவும் வேணும்னு. பேரலல்ல தெளிவு இருக்கு, அளவு இல்ல. சீரிஸ்ல அளவு இருக்கு, தெளிவு இல்ல. ரெண்டையும் சமமாக்கணும். சையது பாய்கிட்ட யோசனை கேட்டேன். அவர் பீடியைப் பத்த வச்சிக்கிட்டே, "இதுல என்ன தனபாலு, பெரிசைக் கொஞ்சம் குறைச்சிட்டா சமமாயிடும். ஒரே ஒரு ரெசிஸ்டர் வேலை"ன்னாரு. பாயி நல்ல மனுஷன், ஆனா இந்த விஷயத்துல எனக்கு அவர் மேல வருத்தம்தான். சமமாக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. பெரிசைக் குறைக்கலாம், இல்ல சிறிசை ஏத்தலாம். குறைக்கறதுக்கு ஒருத்தன் கிடார் வாசிப்பானா? நான் ஏத்தற வழியை எடுத்தேன்.

ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்னதா ஒரு சர்க்யூட்டு, அதைக் கிடாருக்குள்ளயே குடைஞ்சு வச்சேன். அதான் கனமா இருக்கு. பேரலலுக்குத் தட்டினா அந்தச் சர்க்யூட்டும் கூடவே முழிச்சுக்கும், விட்ட சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். இதுக்குச் சாதா சுவிட்ச் பத்தாது, இன்வெர்ட்டர்ல வர்ற நாலு வழி சுவிட்சைப் போட்டேன். நீங்க எந்தப் பெரிய கிடார்க்காரன்கிட்ட வேணா போய்ப் பாருங்க, இப்படி ஒண்ணு இருக்காது.

பரிமளாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். மிஷின்ல உக்காந்து தைச்சுக்கிட்டிருந்தா. "எது சீரிஸ், எது பேரலல், சொல்லு பாப்போம்"னேன். அவ மிஷினை நிறுத்திட்டுக் கேட்டா. "போன தடவை வாசிச்சீங்களே, அது எங்க"ன்னா. "இதான் அது, இப்ப நல்லா சத்தமா இருக்கு"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, நூல் கோக்க ஆரம்பிச்சிட்டா. பெரிய விஷயத்தைப் பார்த்தா சில பேருக்குப் பேச்சு வராது.

இல்ல சார், நீங்க சொல்றது புரியுது, இருட்டறதுக்குள்ள கிளம்பணும். பரிமளா வந்திடுவா. முக்கியமான கட்டத்துக்கு வந்துட்டேன்.

கீழமங்கலம்னு ஒரு ஊரு, மாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாங்கதான். மத்த பாட்டெல்லாம் எப்படியோ போகும், ஆனா அங்க ஊஞ்சல்னு ஒண்ணு இருக்கு. கடைசி நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மனை மண்டபத்துல ஊஞ்சல்ல உக்கார வச்சு ஆட்டுவாங்க. மேளத்தை நிறுத்திடுவாங்க. மேடைலேருந்து பாடற பொம்பளை ஒரு தாலாட்டு பாடணும், அந்த ஊரு வாத்தியார் ஒருத்தர் எழுதிக் கொடுத்தது. அந்த வருஷம் பிள்ளை பெத்தவங்க எல்லாம் கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊஞ்சலைச் சுத்தி நிப்பாங்க. பாட்டு முடியறதுக்குள்ள குழந்தை தூங்கிட்டா அம்மன் தாலாட்டை அது வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம், நோய் நொடி அண்டாதுன்னு அந்த ஊர்ல நம்பிக்கை. பரிமளா அந்தப் பாட்டுக்காகவே ரெண்டு நாள் குளிர்ந்த தண்ணி குடிக்க மாட்டா. எந்த நிகழ்ச்சிக்கும் அவ அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்ல.

இந்த வருஷம் என் புது சுவிட்சுக்கு முதல் மேடை அதான். மத்தியானமே போய் லெவல் பார்த்தோம். பரிமளாவை மைக்குக்கு முன்னாடி நிக்க வச்சேன். ஆள் நிக்கிற இடம் மாறினா சத்தம் மாறும், அதனால அவ நின்னாகணும். "வாயை மட்டும் திறக்காத, கிடார் லெவல் எடுக்கணும்"னேன். சீரிஸ் ஒரு தடவை, பேரலல் ஒரு தடவை, சையது பாய் முள்ளைப் பார்த்துச் சொல்ல, நான் கிடாருக்குள்ள திருக, இப்படியே ரொம்ப நேரம். வெயில்ல நின்னா சார், வாயைத் திறக்கல. அவ பொறுமைசாலி, அதை நான் எங்கேயும் சொல்லுவேன். கடைசில முள்ளு ரெண்டுலயும் ஒரே எடத்துல வந்து நின்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நான் ஒரு தடவை பாடிப் பாக்க வேணாமாங்க"ன்னு கேட்டா. "உன் குரல்தான் எல்லாருக்கும் தெரியுமே, நீ எதுக்கு"ன்னேன். ராஜமாணிக்கம் அண்ணன்கூடச் சொன்னாரு, "தனபாலு, ஒரு பல்லவி பாடட்டுமேப்பா"ன்னு. நேரம் இல்லண்ணேன்னு சொல்லிட்டேன்.

விளக்கு வச்சாச்சு. அம்மன் ஊஞ்சலுக்கு வந்தாச்சு. பூசாரி கையைத் தூக்கினாரு, மேளம் நின்னுச்சு. பரிமளா ஆரம்பிச்சா. நான் பேரலல்ல ஆரம்பிச்சேன். சரணத்துக்கு நடுவுல ஒரு எடம் இருக்கு, அங்க சீரிஸுக்குத் தட்டினேன், திரும்ப பேரலல். ஏத்த இறக்கமே இல்லாம, தண்ணி மாதிரிப் போகுது. கண்ணை மூடிக்கிட்டேன். அந்த மாதிரி நான் என் வாழ்க்கைல வாசிச்சதில்ல சார். அந்த ஊர்ச் சனம் பூரா என் விரல்லதான் இருந்துச்சுன்னு வச்சுக்கங்க.

குழந்தைங்கதான் அன்னிக்கு ஏன்னு தெரியல, எல்லாம் ஒண்ணா அழுதுச்சுங்க. சித்திரை வெயில், வேர்க்குரு, கசகசப்பு. இருக்கத்தானே செய்யும்.

வாசிச்சு முடிச்சுக் கண்ணைத் திறந்து பார்த்தா, மைக் தனியா நிக்குது. பரிமளாவைக் காணோம். எப்ப போனான்னே எனக்குத் தெரியாது. ராஜமாணிக்கம் அண்ணன் கீபோர்டுலேருந்து கையை எடுத்துட்டு என்னையே பார்க்கறாரு. "ரெண்டாவது சரணத்துலயே இறங்கிட்டாடா. நான் எத்தனை தடவை கையைக் காட்டினேன்"னாரு. நான் கண்ணை மூடி வாசிக்கறவன்னு அண்ணனுக்குத் தெரியாதா? வந்து ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல. சரி, அவர்தான் கீபோர்டை விட்டு வர முடியாதுன்னா, நிறுத்தறவ போறப்ப ஒரு சைகை காட்டியிருக்கலாம்ல. புருஷன் பெண்டாட்டிக்குள்ள இதுகூட இல்லன்னா எப்படி.

எங்கன்னு பார்த்தா, கீழ ஊஞ்சல்கிட்ட நிக்கறா. யாரோ ஒருத்தியோட பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, மைக் இல்லாம, அந்தப் பாட்டை முதல்லேருந்து பாடறா. பொம்பளைங்க எல்லாம் நெருங்கி வட்டமா நின்னுக்கிட்டிருக்காங்க. மேடைக்கு ஒண்ணுமே கேக்கல. வாயசையறது மட்டும் தெரியுது. மைக்செட்டு கட்டி, பந்தல் போட்டு, கிடாரை இத்தனை பாடுபட்டுச் சரி பண்ணி வச்சிருக்கு, இவ தரைல நின்னு பாடறா. எனக்கு அவமானமாப் போச்சு. குழந்தைங்க தூங்கிடுச்சுங்கதான், இல்லங்கல. அவ்வளவு நேரம் அழுதா யாருக்கும் தூக்கம் வரும்.

இதோ, இந்த வீடியோவைப் பாருங்க. ஊர்க்காரப் பையன் ஒருத்தன் எடுத்து அனுப்பினான். கேக்குதா? கிடார் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. இந்தா, இங்க சுவிட்ச் தட்டறேன். கண்டுபிடிக்க முடியுதா உங்களால? இந்தப் பக்கம் நிக்கறது பரிமளா. ஆமா, பாடிக்கிட்டுதான் இருக்கா, வாயைப் பாருங்க. இதை அவகிட்டயும் காட்டினேன். போனை வாங்கிப் பூரா பார்த்தா. அவ வாய் அசையறதையே பார்த்துக்கிட்டிருந்தா. பார்த்துட்டு என் கையில கொடுத்துட்டு மிஷினுக்குப் போயிட்டா. நல்லா இருக்குன்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ராஜமாணிக்கம் அண்ணனுக்குப் போன் பண்ணி, இனிமே நான் வரலண்ணேன்னு சொல்லிட்டா. என்கிட்ட சொல்லல. அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் வந்து சத்தம் போட்டேன். பதிலுக்கு அவளும் சத்தம் போட்டிருந்தா எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும். அமைதியா, "உங்க சுவிட்சை இந்தப் பக்கம் போட்டாலும் நீங்கதான், அந்தப் பக்கம் போட்டாலும் நீங்கதான். நான் எங்க நிக்கட்டும்"னு கேட்டா. "மைக் முன்னாடி நில்லு, இது என்ன கேள்வி"ன்னேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. நானும் யோசிச்சுப் பார்த்தேன், சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கேன்.

குழுவுக்கு வேற ஒரு பொண்ணு வந்திருக்கு. நல்லா கத்திப் பாடும். எனக்குப் போட்டியா கத்தும், அது ஒரு மாதிரி சமமாத்தான் போகுது. ஆனா சார், உண்மையைச் சொல்றேன், எனக்குப் பிடிக்கல. பாட்டுக்கு நடுவுல நிமிர்ந்து பார்க்கறேன், முன்னாடி வேற முதுகு. எனக்குக் கை ஓட மாட்டேங்குது. போன மாசம் ஒரு கல்யாணத்துல அழுகையே வந்துடுச்சு. வேர்வைன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன்.

வீட்லயும் அப்படித்தான். முன்னெல்லாம் தைக்கறப்ப பாடிக்கிட்டே தைப்பா. மிஷின் சத்தமும் பாட்டுமா கலந்து வரும், நான் இந்த ரூம்ல கிடாரைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப மிஷின் சத்தம் மட்டும்தான். பாடச் சொன்னேன் ஒரு நாள். தொண்டை கட்டியிருக்குங்கறா. மூணு மாசமாவா தொண்டை கட்டியிருக்கும்? எனக்கு இந்த வீட்டுல இருக்கவே பிடிக்கல சார். அவ இருக்கா, சோறு போடறா, சட்டைக்குப் பட்டன் வச்சுத் தர்றா, எல்லாம் செய்யறா. பாட மட்டும் மாட்டேங்கறா. அவளைக் கட்டிக்கிட்டதே அதுக்குத்தானே.

நானும் சும்மா இருக்கல. தப்பு எங்கன்னு தேடிக்கிட்டேதான் இருக்கேன். பேரலல்ல மேல் சத்தம் கொஞ்சம் குத்துதோன்னு கண்டென்சரை மாத்தினேன். சர்க்யூட்டை இன்னும் கொஞ்சம் ஏத்திப் பார்த்தேன். "இப்ப சரியாயிடுச்சு, வந்து கேளு"ன்னு ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன். வந்து நின்னு கேப்பா. "நல்லா இருக்கு"ம்பா. போயிடுவா.

அதனால நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குழுதான் சரியில்ல. ராஜமாணிக்கம் அண்ணனுக்கு வயசாயிடுச்சு, புது விஷயத்தை ஏத்துக்க மனசு வரல. இடம் மாறினா எல்லாம் சரியாயிடும். இப்படி நினைச்சுக்கிட்டிருக்கேன், நீங்க வந்து நிக்கறீங்க. தெய்வமாப் பார்த்து அனுப்பிச்ச மாதிரி இருக்கு. நான் உங்க குழுவுக்கு வரத் தயார் சார். ஒரே ஒரு கண்டிஷன். பரிமளாவையும் சேத்துக்கணும். முதல்ல மாட்டேம்பா. நான் பேசிக்கறேன். புருஷன் இருக்கிற எடம்னா வந்துடுவா.

இப்ப சொல்லுங்க. ரொம்ப நேரமா ஏதோ சொல்ல வர்றீங்க.

யாரு, பரிமளாவா? அவ உங்களுக்குப் போன் பண்ணினாளா? எப்ப?

ஓ.

நேத்தா. நேத்து நான் கடைல இருந்தேன்.

இல்ல, அவ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு நினைச்சிருப்பா. சொல்ல வந்தா நான்தான் ஏதாவது பேசிக்கிட்டிருந்திருப்பேன். பக்திப் பாட்டுக் குழுவா நீங்க. ஒரு புல்லாங்குழல், ஒரு தபலா, ஒரு சுருதிப்பெட்டி. அவ்வளவுதானா? கிடார் கிடையாதா? யாராவது இருக்காங்களா, இல்ல, கிடாரே கிடையாதா? கிடார் இல்லாம எப்படி சார் ஆர்கெஸ்ட்ரான்னு போர்டு போட்டீங்க. சரி, சரி. உங்க குழு, உங்க இஷ்டம்.

இதோ, அவளே வந்துட்டா. பரிமளா, சார் வந்திருக்காரு. புதுக்கோட்டை சார். உனக்குத் தெரியும்ல. உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்காரு. நான் என்னைப் பார்க்கன்னு நினைச்சிட்டேன். காப்பி அப்புறம் போடலாம், நீ முதல்ல உக்காரு. அந்தச் சேர் வேணாம், கால் சரியில்ல. என் சேர்ல உக்காரு, நான் நின்னுக்கறேன்.

இப்பவே பாடிக் காட்டணுமா? பாடுவா சார், ஆனா அவளுக்குத் தொண்டை... இல்லையா? தொண்டை சரியாத்தான் இருக்கா? சரி. கிடாரை எடுக்கறேன், இரு, என்ன சுருதி? பேரலல்ல மெதுவா போடறேன்.

வேணாமா.

"நீங்க வாசிக்க வேணாங்க, சும்மா உக்காருங்க"ங்கறா. கேட்டீங்களா சார், உங்க முன்னாடியே சொல்லிட்டா. சரிம்மா, உக்காந்துட்டேன். ஆம்ப்பை அணைச்சிட்டேன், பாரு, அதுல இருக்கிற விளக்குகூட அணைஞ்சிடுச்சு.

இதான் சார் அந்தப் பாட்டு. கீழமங்கலம் ஊஞ்சல் பாட்டு. கண்டுபிடிச்சிருப்பீங்க. இங்க ஒரு கிடார் பிட்டு வரும், இப்ப இல்லாததுனால கொஞ்சம் மொட்டையா இருக்கும். நீங்க மனசுக்குள்ள போட்டுக்கங்க. அடுத்து சரணம். இந்தச் சரணத்துல நான் என்ன பண்ணுவேன்னா, முதல் வரி முடியறப்ப ஒரு...

என்ன சார்? ஓ. சரி.

இல்ல, ஒண்ணே ஒண்ணு. இப்ப இந்தச் சரணத்தோட கடைசி வரில அவ ஒண்ணு பண்ணினா பாருங்க. குரலைக் கீழ கொண்டாந்து, நிறுத்தற மாதிரி நிறுத்தி, அங்கேருந்து மெதுவா மேல தூக்கினாளே. பரிமளா, அது எப்பவும் இருக்கிறதா? மேடைலயும் அப்படித்தான் பாடுவியா? எல்லா வருஷமும்?

நான் கேட்டதே இல்லையே.

ஐயோ, நிறுத்தாத. நீ பாடு. நான் பேசல.